சேலத்தில் முதல் வீடு: எதை விட்டுக்கொடுக்கலாம், எதில் உறுதியாக நிற்க வேண்டும்

வேலை மாற்றலாகிச் சேலத்திற்கு வந்தவர்கள், இத்தனை நாள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீடு பார்க்கத் தொடங்கியவர்கள், பெற்றோருக்குத் துணையாக ஊருக்கே திரும்பி வர நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நினைத்ததெல்லாம் அமைந்த வீடு நம் பணத்திற்குள் கிடைப்பது மிக அரிது. வீடு வாங்கியவர் யாரைக் கேட்டாலும், ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் வாங்கியதாகச் சொல்வார். அவர்களில் சிலர் குடிபோன பிறகு நிம்மதியாக இருக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு மழைக்காலத்திலும், சில வேளை நீதிமன்ற வாய்தா நாளிலும் வருந்துகிறார்கள். இந்த வேறுபாடு பெரும்பாலும் அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதிலிருந்தே வருகிறது. பின்னாளில் பணம் சேர்த்துத் திருத்திக்கொள்ள முடிந்த குறை என்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்பதும், மதில் சுவருக்கு வெளியே உள்ள குறையையும் பத்திரத்தில் உள்ள குறையையும் எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் செயல்படுத்துவதற்கானவை.

முதல் படி: பார்க்கப் போகும் முன் எழுதுங்கள்

முதல் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, வீட்டில் முடிவெடுக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் இரண்டு பகுதிகள் எழுத வேண்டும். இது இல்லாவிட்டால் அந்த வீடே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு முக்கியமானவை ஒரு பக்கம். இருந்தால் நல்லது என்பவை மறுபக்கம். முதல் பக்கத்தில் நான்கைந்துக்கு மேல் எழுதினால், அவற்றில் சில உண்மையில் இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவை. தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேர்ந்து உட்கார்ந்து பேசினால் குரல் ஓங்கியவரின் விருப்பமே குடும்பத்தின் விருப்பமாகிவிடும். சமையலறையிலும் துவைக்கும் இடத்திலும் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவரின் தேவை எழுதப்படாமலேயே போய்விடும். மாடி ஏற முடியாத மாமியாரோ, முழங்கால் வலியுள்ள அப்பாவோ உடன் இருக்கப்போகிறார் என்றால், தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் மேற்கத்திய முறைக் கழிப்பறையும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

பிறகு இரு தாள்களையும் ஒப்பிடுங்கள். கணவர் மேற்கே இரும்பாலைப் பக்கம் வேலைக்குப் போகிறார், மனைவி கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தில் ஆசிரியையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரின் நடுவில் வீடு பார்த்தால் இருவருக்கும் பயணம் பாதியாகும் என்று முதலில் தோன்றும். ஆனால் காலை நேரத்தில் புதிய பேருந்து நிலையத்தையும் ஐந்து ரோட்டையும் கடப்பதற்கு ஆகும் நேரத்தை இருவருமே நாள்தோறும் செலவழிக்க நேரிடலாம். மாற்றலாகாத வேலை யாருடையது, மாலையில் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் யார் என்று பார்த்து, அவருடைய பக்கமாக வீட்டை நகர்த்துவதே பெரும்பாலும் நியாயமாக அமைகிறது. தூரத்தை வரைபடத்தில் அளக்காமல், வேலை நாள் ஒன்றில் காலை எட்டரை மணிக்கு அந்த வழியே போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: பணத்தின் எல்லையை வங்கியிடம் கேட்டு வரையுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனில் 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் மட்டுமே வங்கிகள் கொடுக்கலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு இவை இரண்டும் சேர்ந்து 9 சதவீதம் ஆகின்றன. ஆகவே 50 லட்சம் ரூபாய் வீட்டை முழு மதிப்புக்குப் பதிவு செய்தால், 40 லட்சம் கடன் கிடைத்தாலும் 10 லட்சம் முன்பணமும் 4.5 லட்சம் பதிவுச் செலவும் உங்கள் கையிலிருந்தே வர வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், தரகர் கமிஷன், குடிபோகும் செலவு ஆகியவை இதற்கு மேல். சொத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பும் வாங்குபவருடையதே. அந்தத் தொகையை விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

எல்லையை மீறும் ஆசை எல்லோருக்கும் வரும். இன்னும் ஐந்து லட்சம் போட்டால் நல்ல வீடு கிடைக்கும் என்று யாராவது சொல்லும்போது, அதை மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், 5 லட்சத்திற்கு மாதத் தவணை சுமார் 4,340 ரூபாய். முழுக் காலத்திலும் ஏறத்தாழ 10.4 லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். அந்த ஐந்து லட்சம் அகலமான தெருவையோ நல்ல தண்ணீரையோ தருமானால் நான் கொடுக்கச் சொல்வேன். அதே பணம் இத்தாலியப் பளிங்குத் தரைக்கும் அலங்காரக் கூரைக்கும் போகிறது என்றால் வேண்டாம் என்பேன்.

பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுங்கள், அரசு குறித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போடலாம் என்று விற்பவர் கேட்டால், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பத்திரத்தில் காட்டாத பணத்திற்கு வங்கிக் கடனும் கிடைக்காது. ஏதேனும் தகராறு வந்தால் கொடுத்ததற்குச் சான்றும் இருக்காது.

மூன்றாம் படி: பத்திரத்தில் சிறு குறை என்று ஒன்று இல்லை

வீடு பிடித்துப்போன பிறகு காகிதங்களைப் பார்ப்பதுதான் நம் வழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். மனம் ஒரு வீட்டில் குடியேறிவிட்டால், காகிதத்தில் உள்ள குறைக்குச் சமாதானம் தேடும். இரண்டாம் முறை பார்க்கப் போவதற்கு முன்பே தாய்ப்பத்திரம் எனப்படும் மூலப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரையிலான நகல்கள், பட்டா, சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுகளுக்கு, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, வங்கி வழக்கறிஞரைத் தவிர நீங்களே அமர்த்தும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். பட்டா விவரங்களையும் வில்லங்க விவரங்களையும் அரசின் இணையதளங்களில் நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம் ஆகியவற்றோடு சர்வே எண்ணுக்குத் தொடர்பு உண்டா என்று வழக்கறிஞரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு ஒன்றில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்ற பேச்சு புறநகரில் அடிக்கடி காதில் விழும். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. நீங்கள் பார்க்கும் மனை அதன்படி வரன்முறை செய்யப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். இனிமேல்தான் வாங்க வேண்டும், அது எளிதாகக் கிடைத்துவிடும் என்று பதில் வந்தால், அந்த வேலையை முடித்துவிட்டு அழைக்கும்படி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

பூர்வீகச் சொத்துகளில் வாரிசுகளின் கையெழுத்துதான் மிகவும் சிக்கலான இடம். தங்கை வெளியூரில் இருக்கிறாள், அவளுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவள் ஒன்றும் கேட்கமாட்டாள் என்று அண்ணன்மார் உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு மகன்களுக்கு இணையான உரிமையைத் தந்திருக்கின்றன. தந்தையின் தனிச் சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. எனவே வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். பதிவு நாள் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நாளைத் தள்ளிப்போடலாம், கையெழுத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

நான்காம் படி: மதிலுக்கு வெளியே நின்று பாருங்கள்

வீட்டுக்குள் அரை மணி நேரம் செலவழித்தால், தெருவில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். சேலத்தைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது தண்ணீர் பற்றித்தான். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து கொண்டுவரப்படும் காவிரி நீர். அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, கோடையில் எப்படி இருக்கிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல், எதிர்வீட்டிலும் தெருக்கோடியில் உள்ள மளிகைக் கடையிலும் கேளுங்கள். நகரோடு ஒட்டியே இருந்தாலும் கன்னங்குறிச்சி, கருப்பூர், அயோத்தியாப்பட்டணம் போன்றவை பேரூராட்சிகள் என்பதால், குடிநீர், பாதாளச் சாக்கடை, வரி எல்லாம் வேறு நிர்வாகத்தின் கீழ் வரும். ஒரு வீடு எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சொத்துவரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்பதே போதுமான பதில் ஆகாது. சேலம் கடினப் பாறை மேல் அமைந்த ஊர். பாறையில் உள்ள வெடிப்புகளில்தான் நீர் நிற்கிறது. அதனால் பக்கத்து மனையில் நல்ல ஊற்று இருந்தும் இந்த மனையில் தூசி மட்டும் பறக்கலாம். கோடையில் மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிட்டு, எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்காமல் வருகிறது என்று பாருங்கள். குழாய் வாயிலும் குளியலறை ஓடுகளிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். உப்புத் தண்ணீரைக் கருவி வைத்துச் சமாளிக்கலாம். அதை விலையில் பேசிக் குறைக்கவும் செய்யலாம். தண்ணீரே இல்லாத மனையோடு, தண்ணீர் லாரி நுழைய முடியாத சந்தும் சேர்ந்துவிட்டால், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். லாரி நுழையாத தெருவில் அவசரத்திற்கு ஆம்புலன்ஸும் வாசல் வரை வராமல் போகலாம்.

அடுத்தது தாழ்வு. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு நகரின் ஊடாகத்தான் ஓடுகிறது. அதன் கரையை ஒட்டியும், ஏரிகளின் உபரிநீர் வழியிலும் தாழ்ந்த தெருக்கள் இருக்கின்றன. மலையில் பெய்யும் மழை இங்கே வந்து சேரும் என்பதால், உங்கள் தெருவில் ஒரு துளி விழாத நாளில்கூட ஓடையில் நீர் ஏறும். வீட்டின் வெளிச்சுவரில் தரையிலிருந்து ஒரே மட்டத்தில் ஓடும் கறை, புதிதாக உயர்த்திய வாசற்படி, தெருவை விடத் தாழ்ந்த போர்ட்டிகோ ஆகியவை வெள்ளத்தின் சாட்சிகள். முடிந்தால் ஐப்பசியில், நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள்.

சத்தத்தையும் மணத்தையும் பகல் பன்னிரண்டு மணிக்கு அறிய முடியாது. அம்மாபேட்டை, குகை, தாதகாப்பட்டி, கொண்டலாம்பட்டிப் பக்கங்களில் விசைத்தறி ஓடும் தெருக்கள் உண்டு; சூரமங்கலத்தில் ரயில் ஓசை உண்டு; புறநகரில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அருகில் காற்று திரும்பும்போது புளித்த வாடை வரும்; மேக்னசைட் சுரங்கப் பக்கம் தூசியைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். இவை எல்லோருக்கும் குறையாகத் தோன்றுவதில்லை. தறியோசையில் வளர்ந்தவருக்கு அது தாலாட்டாகவே இருக்கும். ஆனால் உங்களுக்கு எது தாங்கும் என்று தெரிந்துகொள்ள, இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் ஒருமுறை அந்தத் தெருவில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கும் மேலாக நான் பரிந்துரைப்பது, பிடித்த பகுதியிலேயே ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது. கோடை, மழை, ஆடித் திருவிழாவின் ஒலிபெருக்கி எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டிலேயே வீடு வாங்கி நாள்தோறும் இறங்கி வரலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சி உண்மைதான். ஆனால் சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, பெருமழையில் மண் சரிந்தால் போக்குவரத்து நிற்கும், மலைப்பகுதியில் கட்டடம் கட்டத் தனி அனுமதிகளும் தேவை. ஓய்வு வாழ்க்கைக்கு அது பொருந்தலாம். பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ள குடும்பத்திற்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: வாஸ்துவைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

எந்த வாசல் என்ற கேள்வி நம் வீடுகளில் பாதித் தேடலை முடித்துவிடுகிறது. கிழக்கு வாசலும் வடக்கு வாசலும்தான் வேண்டும் என்று நின்றால், பார்க்கக் கிடைக்கும் வீடுகள் பாதியாகக் குறைந்துவிடும். பலரும் கேட்பதால் விலையும் கூடும். தெற்கு வாசல் வீடும், எதிரே தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து வீடும் பல மாதம் விற்காமல் நிற்பதால் விலை இறங்கும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் நாளை நீங்கள் விற்கும்போதும் இதே காரணத்தால் விலை குறையும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

குடும்பத்தில் பெரியவர்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதை எள்ளி நகையாட வேண்டாம். அந்த வீட்டில் முதலில் ஒரு காய்ச்சல் வந்தாலே வாசல் மீதுதான் பழி விழும். அந்த மனக்கசப்பு வீட்டில் தங்கிவிடும். எது முக்கியம் என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஈசானியத்தில் (வடகிழக்கில்) கழிப்பறை கூடாது, அக்னி மூலையில் (தென்கிழக்கில்) அடுப்பு வேண்டும் என்று இரண்டை அவர்கள் எடுத்துக்கொண்டு, வாசல் திசையில் இணங்குவது பெரும்பாலான வீடுகளில் நடக்கக்கூடியதே. இந்தப் பேச்சை வீடு பார்க்கும் முன்பே முடித்துவிட வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் நாளன்று ஜோதிடரை அழைத்து வருவது எல்லோருக்கும் துன்பம். வாசல் எப்படி இருந்தாலும், மேற்குச் சுவரில் மாலை வெயில் நேராக விழும் படுக்கையறை சேலத்தில் ஒரு பெரும் குறை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. அதைச் சன்ஷேடு, மரம், மாடியில் வெப்பம் தடுக்கும் ஓடு ஆகியவற்றால் ஓரளவு சரிசெய்யலாம் என்பதால் விட்டுக்கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவை மட்டும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஆறாம் படி: கட்டடத்தில் தாராளமாக விட்டுக்கொடுங்கள்

பெயின்ட், தரை ஓடு, பழைய சமையல் மேடை, அலமாரி இல்லாத அறை, மங்கிய குளியலறை, பழைய வயரிங் ஆகிய எல்லாவற்றையும் மாற்றலாம். இவற்றைக் கண்டு முகம் சுளித்து, நல்ல தெருவில் நல்ல பத்திரத்தோடு இருந்த வீட்டை விட்டவர்கள் நிறைய. மாறாக, தூண், உத்திரம், தளம் ஆகியவற்றில் உள்ள குறை வேறு வகை. சுவர்ப் பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலுக்கும், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிச் சுவரைத் துளைக்கும் விரிசலுக்கும் வேறுபாடு உண்டு. கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், ஒரு சிவில் பொறியாளரை அழைத்து வந்து காட்டாமல் விலை பேசாதீர்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத இரண்டாம் மாடிக்குப் பணம் கேட்டால், வங்கி அதற்கு மதிப்புப் போடுகிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் நீங்களும் போட வேண்டாம்.

விட்டுக்கொடுக்கும் நேரம் வந்துவிட்டதா என்று அறிய

பார்க்கும் வீடுகளில் எல்லாம் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்தப் பணத்திற்கு அந்தப் பகுதியில் கிடைப்பது அதுதான் என்று பொருள். பேர்லண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ தனி வீடு பார்த்து, வருவதெல்லாம் முப்பது ஆண்டுப் பழைய கட்டடமாக இருந்தால், அங்கே புதிய தனி வீடு உங்கள் எல்லைக்குள் இல்லை. இந்த நிலையில் மாற்றக்கூடியவை மூன்று: பகுதி, பரப்பு, கட்டடத்தின் வயது. இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடியும் சில வீடுகளைப் பாருங்கள். அதே பகுதியில் அடுக்குமாடி வீடு, அல்லது கோரிமேட்டுப் பக்கம் தனி வீடு, அல்லது அதே பழைய கட்டடத்தைச் செப்பனிடும் செலவோடு என்று மூன்றையும் நேரில் பார்த்த பிறகு, எது இல்லாமல் வாழ முடியும் என்பது குடும்பத்திற்கே தெளிவாகிவிடும். மூன்றையும் ஒரே நாளில் தளர்த்தினால், கேட்டதற்கும் வாங்கியதற்கும் தொடர்பே இல்லாமல் போகும்.

அலைச்சலாலும் அவசரத்தாலும் வரும் இணக்கம் நல்லதன்று. இன்னொருவர் அட்வான்ஸோடு நிற்கிறார் என்று தரகர் சொல்வதும், வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதும், ஜூன் மாதம் பள்ளி திறப்பதும் எல்லாம் உண்மையான நெருக்கடிகளே. ஆனாலும் இவற்றுக்குத் தீர்வு இன்னொரு வாடகை வீடுதான். அதில் இழப்பது சில ஆயிரமும் ஒருமுறை சாமான் ஏற்றி இறக்கும் சிரமமும் மட்டுமே. நெருக்கடி மிகுந்த வாரத்தில் ஒரு சிறு டோக்கன் தொகைக்கு மேல் கொடுக்காமல், காகிதங்கள் சரியில்லை என்றால் அதைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் பலர் கிரயம் முடிப்பதையும் குடிபோவதையும் தள்ளிவைப்பதால், அந்த மாதத்தில் நிதானமாகச் சுற்றிப் பார்க்கவும் விலை பேசவும் முடியும். பதிவை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

முடிவு செய்த பிறகு, எழுதிய தாளை மீண்டும் எடுத்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட குறைகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவையும் ஆண்டையும் குறியுங்கள். விலை பேசும்போது விற்பவரிடம் காட்ட வேண்டிய பட்டியலும் அதுவே. கிரயம் முடிந்ததும் பட்டா, மின் இணைப்பு, சொத்துவரி, குடிநீர் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுவதை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு, மழைக்கு முன் மொட்டைமாடித் தளத்தையும், அடுத்த கோடைக்கு முன் சம்ப் தொட்டியையும் மேற்குப் பக்க நிழலையும் சரிசெய்யுங்கள். சமையலறையும் தரையும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம்.